பாட்டிலில் ஒட்டிய பெயர்

ஹேக் லேன், ஸ்கார்பெக், யார்க்‌ஷயர்
17 செப்டம்பர் 1972

அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளை ரேமண்டும் எப்படி இருக்கிறீர்கள்? பஸ்ஸில் நாள் முழுக்க நின்று டிக்கெட் கிழிக்கிற உன் கால்களை வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் வை. சவுத்தாம்ப்டனில் வெந்நீர் இருக்குமல்லவா?

இங்கே விசேஷம் என்னவென்றால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் நான் காய்ச்சிய பீர் வெடித்துவிட்டது. மருந்துக்கடையில் பீர் காய்ச்சுகிற மால்ட் டின் வாங்கி, டின் மேல் எழுதியிருந்ததை எல்லாம் படித்து, படித்ததில் பாதியைச் செய்தேன். தொட்டியில் நுரை முழுக்க அடங்கும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தது. உன் அப்பன் எதற்குப் பொறுத்திருக்கிறான்? பொங்கிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் அடைத்தேன். கிளாசில் ஊற்றினால் நுரை நிற்கட்டுமே என்று ஒவ்வொன்றிலும் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுத் தகர மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கினேன். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதல் பாட்டில் போனது. உன் அம்மா யுத்த காலப் பழக்கத்தில் மேசைக்கடியில் புகுந்துவிட்டாள். எல்லாம் ஓய்ந்ததும் வெளியே வந்து, "கிளிஃப், ஜெர்மன்காரனால முடியாததை நீ முடிச்சிட்டே" என்றாள்.

நம் தொழிலாளர் கிளப்பில் இப்போது குடிக்கக் கிடைப்பது கம்பெனி பீர். நம் ஊர் பீர் ஆலையை வாங்கி மூடிய பெரிய கம்பெனி, பாத்திரம் கழுவின தண்ணீரில் காற்றடைத்து லாரியில் அனுப்புகிறது. வெறுத்துப்போய் வால்டர் பிக்கில்ஸ் ஒரு போட்டி வைத்திருக்கிறான். அவன் இப்போது கிளப் தலைவர் என்றாலும் எனக்கு அவன் டாமினோவில் தோற்கிறவன்தான். வீட்டில் காய்ச்சிய பீர், டிசம்பர் பதினாறு, சனிக்கிழமை. நான் பெயர் கொடுத்துவிட்டேன். வெடிக்காமல் தப்பிய ஒரு பாட்டிலை உன் அம்மா ருசி பார்த்தாள். தோட்டத்தில் நத்தையைக் கொல்ல வைக்கலாம் என்றாள். இனி அவளே காய்ச்சப் போகிறாளாம்.

பிழைத்துக் கிடக்கும் உன் அப்பா

*

சவுத்தாம்ப்டன்
25 செப்டம்பர் 1972

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். கால் வலி பரவாயில்லை. உங்கள் கடிதத்தை ரேமண்டுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பாடு புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அலமாரியில் என் பழைய மழைக்கோட்டு இருந்ததே, அது உயிரோடு இருக்கிறதா? அம்மா காய்ச்சினால் நன்றாகத்தான் வரும். பேக்கரியில் அத்தனை வருடம் ஈஸ்ட்டோடு குடித்தனம் நடத்தியவள். நீங்கள் தொட்டிப் பக்கம் போகாதீர்கள், அது போதும். அம்மாவுக்கு என் முத்தம்.

மகள் ஜாய்ஸ்

*

ஸ்கார்பெக்
8 அக்டோபர் 1972

அன்பு ஜாய்ஸ்,

இருவரும் சுகம். உன் மழைக்கோட்டு சுகமில்லை. மூன்று முறை துவைத்தும் மதுக்கடை வாசனை போகவில்லை.

உன் அம்மா டின்னைத் தொடவே இல்லை. கசப்புக்கு ஹாப்ஸ் பூவும், முளைகட்டி உடைத்த பார்லி மால்ட்டும் வாங்கி, துணி வேகவைக்கிற செப்புத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி அதில் காய்ச்சினாள். தெரு முழுக்க வாசனை. எதிர்வீட்டு நோரா பிக்கில்ஸ், வால்டரின் மனைவிதான், மாவுக் கையோடு வந்து நின்றுவிட்டாள். உன் அம்மா அதை ஆறவைத்து ஈஸ்ட் தூவி, வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்குள் வைத்து என் குளிர்காலக் கம்பளியைச் சுற்றிவிட்டாள். எனக்குப் போர்வை இல்லை, பீருக்கு இருக்கிறது. மேலே வந்த பழுப்பு நுரையைத் தினமும் வழித்தெடுத்தாள். "இப்ப அடைச்சிடலாமா?" என்று நான் காலையிலும் மாலையிலும் கேட்டேன். "உன்னைத்தான் எங்கயாவது அடைக்கணும்" என்றாள். நுரை அடங்கி, பீரில் மிதக்கவிட்ட அளவுமானி இரண்டு நாள் ஒரே கோட்டில் நின்ற பிறகுதான் அடைக்க விட்டாள். தொட்டியிலிருந்து பாட்டிலுக்கு இறக்க, ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி ஓட்டம் பிடித்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. அதை நான் குறை வைக்காமல் செய்தேன். ஒரு பாட்டிலுக்கு அரைக் கரண்டி சர்க்கரை, அதுவும் அவள் கையால். இனி இரண்டு மாதம் பாட்டிலுக்குள்ளேயே அது பழுக்க வேண்டுமாம்.

போட்டிக்கு என் பேரிலேயே கொடுத்துவிடுகிறேனே என்றேன். துண்டில் கை துடைத்தபடி கேட்டாள்: "அடுப்பு எரிச்சது நானு, கம்பளி சுத்துனது நானு. குழாய் உறிஞ்சுனவன் பேரையா ஒட்டுறது?"

நியாயம்தானே? காகிதத்தில் "ஹில்டா அக்ராய்ட், ஹேக் லேன்" என்று தன் கையால் எழுதிப் பசை தடவி எல்லாப் பாட்டிலிலும் ஒட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் சொல்லி அவள் பெயரைப் பதிந்து வருவேன். சின்ன விஷயம்.

அன்புடன் அப்பா

*

சவுத்தாம்ப்டன்
15 அக்டோபர் 1972

அன்புள்ள அப்பா,

நலம், நலமறிய ஆவல். ரேமண்டுக்குச் சளி, வேறொன்றுமில்லை.

அப்பா, அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கிளப்பில் பெண்கள் உறுப்பினர் ஆக முடியாது. சனிக்கிழமை மட்டும் புருஷன் கையெழுத்துப் போட்டால் விருந்தாளியாக வந்து பிங்கோ ஆடலாம். சின்னப் பெண்ணாக இருந்தபோது நீங்கள் வீட்டுச் சாவியை எடுத்துப்போய்விட்டீர்கள் என்று உங்களைத் தேடி ஆண்கள் அறைக்குள் ஒரு அடி வைத்தேன். அறையே பேச்சை நிறுத்தியது. உங்கள் பெயரிலேயே கொடுத்துவிடுங்கள். அம்மாவை வைத்து அவர்கள் சிரிப்பதை நான் கேட்க வேண்டாம். உங்களுக்கும் அந்தக் கிளப்பை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

ஜாய்ஸ்

*

ஸ்கார்பெக்
29 அக்டோபர் 1972

அன்பு ஜாய்ஸ்,

சுகம். ரேமண்டின் சளிக்கு வெங்காயம் வேகவைத்துக் கொடு.

உன் கடிதம் கொஞ்சம் தாமதமாக வந்தது. கமிட்டியில் பேசினேன். பேசினார்கள். பார்க்கலாம். பாட்டில்கள் அமைதியாகப் படுத்திருக்கின்றன. ஒன்றைத் தூக்கி விளக்கில் காட்டினால் அடியில் மெல்லிய வண்டல், மேலே தேநீர் நிறம். இடது முழங்கால் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பதால் சனிக்கிழமைகளில் வெளியே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்கிறேன். வானொலியில் இவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்கு இதுநாள்வரை தெரியாது.

அப்பா

*

ஸ்கார்பெக்
19 நவம்பர் 1972

அன்பு ஜாய்ஸ்,

நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. எழுத ஒன்றும் இல்லை. குளிர். வலது முழங்கால் இன்னும் சரியாகவில்லை. கிளப் பக்கம் போகாததால் ஊர்ச் செய்தியும் இல்லை. அம்மா சுகம்.

அப்பா

*

சவுத்தாம்ப்டன்
23 நவம்பர் 1972

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். எந்த முழங்கால்?

ஜாய்ஸ்

*

ஸ்கார்பெக்
28 நவம்பர் 1972

ஜாய்ஸுக்கு அம்மா எழுதுவது.

நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். சுகம். உன் அப்பாவின் இரண்டு முழங்காலும் சுகம். கிளப்பில் அவருடைய உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். என்னிடமும் அவர் முழங்கால் என்றுதான் சொன்னார். நேற்று ரொட்டி வாங்கப் போன இடத்தில் நோரா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நடந்தது இதுதான். கமிட்டியில் என் பெயரைச் சொன்னாராம். வால்டர் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினானாம். அப்புறம் சிரித்துக்கொண்டே, "யாரு காய்ச்சுனதுன்னு எல்லாருக்கும் தெரியும். காயிதத்துல மட்டும் உன் பேரைப் போட்டுடு, வேலை முடிஞ்சுது" என்றானாம். அதுவரை உன் அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் எர்னி வாய் திறந்திருக்கிறான்: "பொம்பளை பேரை ஒட்டினா உள்ள இருக்கிறது புளிச்சுப் போயிடும்ப்பா."

உன் அப்பா பூனையைக்கூட அதட்டாதவர். எழுந்து தன் கிளாசிலிருந்த கம்பெனி பீர் முழுவதையும் அந்த விதிப் புத்தகத்தின் மேல் நிதானமாக ஊற்றினாராம். "இதைவிடப் புளிச்சது இந்த ஊர்ல இல்ல" என்றாராம். வீட்டுக்கு வந்து என்னிடம், மழை, முழங்கால் என்றார்.

சனிக்கிழமை மாலையானால் கோட்டை மாட்டிக்கொள்கிறார். பொத்தான் போடுகிறார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் பெயரையே ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கென்ன, பீர் அதே பீர்தான். உன் கருத்து என்ன?

அம்மா

*

சவுத்தாம்ப்டன்
1 டிசம்பர் 1972

அன்புள்ள அம்மா, அப்பா இருவருக்கும்,

நாங்கள் நலம். அக்டோபரில் நான் எழுதிய கடிதத்தை எடுத்து அடுப்பில் போடுங்கள். அம்மா, ஒரு பாட்டிலில்கூடக் காகிதத்தை மாற்றாதே. எர்னி சொன்னதைப் படித்ததிலிருந்து பஸ்ஸில் எல்லாப் பயணிகளையும் முறைத்துக்கொண்டிருக்கிறேன். பாவம், ஒரு பாதிரியார் சில்லறையை வாங்காமலே இறங்கிப் போய்விட்டார்.

அப்பா, நீங்கள் ஊற்றியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இனி என்னிடம் முழங்கால் கதை வேண்டாம்.

ஜாய்ஸ்

*

ஸ்கார்பெக்
10 டிசம்பர் 1972

அன்பு ஜாய்ஸ்,

எல்லோரும் சுகம், இரண்டு முழங்காலும் உட்பட. பொய் சொல்லத் தெரியாதவன் இடது வலதையாவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வால்டர் வந்தான். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்தான். போட்டிக்கு வந்திருப்பவை எல்லாமே டின் மால்ட்டில் காய்ச்சிய பீர், அதில் நல்லது எர்னியுடையதாம். அதைக் குடித்தால் ஈர அட்டைப்பெட்டியை மென்ற மாதிரி இருக்கிறதாம். பக்கத்து ஊரிலிருந்து நடுவர் வருகிறார், மானம் போய்விடும் என்றான். பிறகு விஷயத்துக்கு வந்தான். என் அட்டையை மேசை மேல் வைத்தான். ஹில்டாவின் பாட்டில் போட்டியில் இருக்கும், பெயர் மட்டும் என்னுடையது. புத்தகத்தை நனைத்ததை மறந்துவிடுவார்கள். வழக்கமான நாற்காலி, டாமினோ, எல்லாம் அப்படியே.

நான் அட்டையைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் முழங்கால் கதைதான்.

உன் அம்மா அடுப்பைப் பார்த்து நின்றபடி சொன்னாள்: "வாங்கிக்கோ கிளிஃப். ஒரு துண்டுக் காயிதம்தானே. சனிக்கிழமை உன் மூஞ்சியை என்னால பாக்க முடியல."

அவள் எனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் அட்டையை அவன் பக்கம் தள்ளினேன். "வால்டர், நான் காய்ச்சினது அலமாரியில வெடிச்சுது. அது என் பேரு. இது வெடிக்கல. இது அவ பேரு. எடுத்துட்டுப் போ" என்றேன்.

"ஒரு வழக்கம்னு இருக்குல்லடா. எல்லாரும் உன்னை மாதிரி கிளம்பிட்டா கிளப் என்னாகிறது?"

"நல்ல பீர் கிடைக்கும்."

வால்டர் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.  சாயங்காலம் உன் அம்மா என் தட்டில் மட்டும் இரண்டு துண்டு ஆப்பிள் பை வைத்தாள்.

போட்டி அன்றைக்குச் சும்மா உட்காரப் போவதில்லை. பாட்டில்கள் தயார். விற்றால் சட்டம் பிடிக்கும், கொடுத்தால் பிடிக்காது. அவள் பெயரில், அவள் வீட்டில், அவளே திறக்கப்போகிறாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, யார் வருவார்கள் என்று தெரியாது. நாங்கள் இருவரே எல்லாவற்றையும் குடிக்க நேர்ந்தால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை கடிதம் வராது.

அப்பா

*

ஸ்கார்பெக்
17 டிசம்பர் 1972

அன்பு ஜாய்ஸ்,

கடிதம் வந்துவிட்டது பார். தலை மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

மாலை ஏழு மணிவரை யாரும் வரவில்லை. உன் அம்மா கிளாஸ்களைத் துடைத்ததையே துடைத்தாள். ஜன்னலில் பார்த்தால் தெருவே கிளப்பை நோக்கிப் போகிறது, பெண்கள் எல்லாம் சனிக்கிழமை உடுப்பில், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவளை இதற்குள் இழுத்துவிட்டது நான்தானே.

பிறகு நோரா வந்தாள். வால்டரின் கை இல்லாமல், தன் கிளாசைத் தானே கொண்டுவந்தாள். "பிங்கோவை வருஷம் பூரா ஆடுறேன். இதை எப்பக் குடிக்கிறது?" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் எர்னியின் அக்கா. அவளுக்குப் பின்னால் மீன்கடைக்காரர் மனைவி, அவள் மாமியார், பள்ளிக்கூடம் பெருக்குகிற இருவர். கிளப்புக்குப் போன பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வாசலில் கோட்டுகளை மாட்ட ஆணி போதவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், நிலக்கரிப் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள்.

உன் அம்மா முதல் மூடியைத் திறந்தாள். புஸ் என்று ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான். கிளாசைச் சாய்த்துப் பிடித்து, வண்டல் அசையாமல் கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு ஊற்றினாள். மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை நுரை நின்றது. குடித்துப் பார்த்தேன். முதலில் ரொட்டி மேலோட்டின் ருசி, பிறகு ஹாப்ஸின் கசப்பு மெதுவாக நாக்கின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தது. இதை என் பெயரில் வைத்திருந்தால் எவன் நம்பியிருப்பான்?

அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஆண். மூலையில் நின்று கிளாஸ் கழுவினேன். நோரா என்னைக் காட்டி, "இந்தாளு யாரு கூட வந்தாரு?" என்றாள். என் அம்மிணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்கூடத்தான். விருந்தாளி" என்றாள். ரொட்டி சுற்றிய காகிதத்தைக் கிழித்து என் பெயரை எழுதி, பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். படிக்கட்டு வரைக்கும் சிரிப்பு.

அங்கே கிளப்பில் பாட்டுக்காரன் காலி நாற்காலிகளுக்குப் பாடினானாம். பிங்கோவுக்கு ஆளில்லை. எர்னி பரிசு வாங்கினானாம், கைதட்டத்தான் பெண்கள் யாரும் இல்லை. ஒன்பது மணி சுமாருக்குக் கதவு தட்டப்பட்டது. வால்டர், மழையில். நோராவே போய்த் திறந்து, சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகக் கேட்டாள்.

"உங்களைக் கூட்டிட்டு வந்த உறுப்பினர் யாரு?"

"நோரா, விளையாடாத. நனையிறேன்."

"விதின்னா விதிதான். யாராவது கையெழுத்துப் போடணும்."

வால்டர் அவளைப் பார்த்தான். உள்ளே கரி அடுப்புக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த ஈரத் துணியைக் காட்டினேன், என் கையில் ஒன்றும் இல்லை என்று. தண்ணீர் அவன் தொப்பியிலிருந்து மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் தலைகுனிந்து, "நீயே போடு" என்றான். அவசரப்படாமல் போட்டாள்.

உன் அம்மா அவனுக்கும் ஊற்றினாள். பாட்டிலைத் திருப்பிக் காகிதத்தில் இருந்த பெயர் அவன் பக்கம் தெரியும்படி மேசையில் வைத்தாள். நின்றபடியே குடித்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலிக் கிளாசை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"யாரு காய்ச்சினது வால்டர்?"

தொப்பியைக் கழற்றினான். "ஹில்டா அக்ராய்ட்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. அதற்குப் பிறகுதான் ஊற்றினாள்.

உங்கள் இருவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. பாட்டில் அனுப்ப முடியவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்பா

*

ஸ்கார்பெக்
14 ஜனவரி 1973

அன்பு ஜாய்ஸ்,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகம் அறிய எழுது. நீ அனுப்பிய கையுறை உன் அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. எனக்கு அனுப்பியதையும் அவளே போட்டுக்கொள்கிறாள்.

கிளப் பொதுக்குழு கூடியது. பெண்களையும் சேர்க்கும்படி விதியைத் திருத்தலாமா என்று வால்டர் கேட்டானாம், அவ்வளவாவது செய்தான். கை தூக்கச் சொன்னபோது தோற்றுப்போனது. கிட்டத்தில்கூட வரவில்லை. எர்னி ரொம்ப நேரம் பேசினானாம், பெண்களை உள்ளே விட்டால் அடுத்தது குழந்தைகள், அடுத்தது நாய்கள் என்று. ஆகவே நாம் தோற்றுவிட்டோம், மகளே. உனக்கு வேறு மாதிரி எழுத ஆசைதான்.

ஆனால் நேற்றுச் சனிக்கிழமை நம் வீட்டில் உட்கார இடமில்லை. நோரா காய்ச்சத் தொடங்கிவிட்டாள். எர்னியின் அக்கா தன் வீட்டுத் தொட்டியைத் தம்பியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள், அங்கேதான் கதகதப்பாம். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வொரு பெயர். மார்ச்சில் போட்டி. நடுவராக இருக்க நான் கேட்டேன். குழாய் உறிஞ்சினால் போதும் என்றுவிட்டார்கள்.

பொதுக்குழு கூடிய வாரமே தபாலில் என் கிளப் அட்டை திரும்பி வந்தது. தண்டனைக் காலம் முடிந்தது, வரலாம் என்று ஒரு வரி. உன் அம்மா படித்துவிட்டு, "போயிட்டு வா கிளிஃப். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். டாமினோ இல்லாமல் எனக்குக் கை அரிக்கிறது. முப்பது வருடம் உட்கார்ந்த நாற்காலி எப்போதாவது கனவில் வருகிறது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

கோட்டை மாட்டினேன். பொத்தான் போட்டேன். பிறகு புதுத் தொட்டி ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருப்பது நினைவுக்கு வந்தது. அட்டை நல்ல தடிமன். இரண்டாக மடித்து அடியில் கொடுத்தேன். இப்போது ஆடுவதில்லை.

மார்ச்சில் லீவு போட்டு வா. ரேமண்டையும் கூட்டி வா. நீதான் அவனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
திருமதி ஹில்டா அக்ராய்டின் விருந்தாளி,
உன் அப்பா